பெத்லகேம் ஜங்ஷன்

ரயில்வே ஸ்டேஷன் கட்டுவது இன்று மிகச் சுலபமான காரியம். பிரிண்டரில் மஞ்சள் மை தீராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பிடிஎஃப் கோப்பை இறக்கி, 200 ஜிஎஸ்எம் தாளில் அச்சடித்து, வெட்டி, மடித்து, ஒட்டினால் சாயங்காலத்துக்குள் ஸ்டேஷன் எழும்பிவிடும். மேஜைமேல் ஓடும் குட்டி ரயிலுக்கு ஸ்டேஷன் மட்டுமல்ல, சிக்னல் அறை, சரக்குக் கிடங்கு, தண்ணீர்த் தொட்டி, எதிரே ஒரு முழுத் தெரு, தெருமுனையில் ஒரு தேவாலயம் என்று எல்லாம் காகிதத்தில் கிடைக்கிறது. பலதும் இலவசம். செங்கல் இடுக்கில் படிந்த பாசியும் கூரை ஓட்டில் வழிந்த மழைக்கறையும்கூட அச்சிலேயே வந்துவிடுகின்றன. நிலம் கையகப்படுத்த வேண்டாம், டெண்டர் வேண்டாம், அடிக்கல் நாட்ட அமைச்சர் தேதி கொடுக்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

எங்கள் காலத்தில் அப்படியில்லை. ஸ்டேஷன் கட்டுவதற்கு முன்னால், ஸ்டேஷனைக் கண்ணால் பார்த்த ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். நாகர்கோவிலில் அது லேசுப்பட்ட வேலை இல்லை.

தூத்துக்குடிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. செங்கோட்டை மலையைக் குடைந்துகொண்டு 1904-ல் கொல்லத்துக்குப் போயிற்று. கொல்லத்திலிருந்து 1918-ல் திருவனந்தபுரம் வந்தது. 1931-ல் நகருக்குள் தம்பானூர் வரை நீண்டு, அங்கே கருங்கல்லில் பெரிய ஸ்டேஷனும் எழுந்தது. கிழக்கே பாண்டி நாடு வரை ஆயிற்று, மேற்கே அனந்தபுரி வரை ஆயிற்று. நடுவில் கிடந்த நாஞ்சில் நாட்டை மட்டும் ரயில் எட்டிப் பார்க்கவில்லை. 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அப்போதும் ரயில் சேரவில்லை. மெட்ராசுக்குப் போகிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்குப் பயந்து பஸ் ஜன்னலை அடைத்துக்கொண்டு திருநெல்வேலி போய் வண்டி பிடித்தார்கள். அப்படிப் போய் வந்தவர்கள் பல்லுக்குச்சியோடு வாசலில் நின்று, கரி விழுந்த கண்ணைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். ரயில் பார்த்திருப்பது எங்கள் தெருவில் ஒரு படிப்பு.

எழுபதுகளின் நடுவில் நான் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ படிக்கும்போது, திருவனந்தபுரத்தில் வியாபாரத் தொடர்பு வைத்திருந்த சித்தப்பா சாலைக் கம்போளத்திலிருந்து ஒரு தகர ரயில் வாங்கி வந்தார். சாவி கொடுத்தால் ஓடும். வளைந்த தண்டவாளத் துண்டுகளை ஒன்றோடொன்று சொருகினால் ஒரு வட்டம். அந்த வட்டத்தில் எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் கிறுகிறுவென்று சுற்றிவிட்டு, சாவி தீர்ந்ததும் தீர்ந்த இடத்தில் நிற்கும். நிற்கிற இடத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா? ஸ்டேஷன் வேண்டாமா?

அது டிசம்பர் மாதம். எங்கள் வெட்டூர்ணிமடத்தில் வீட்டுக்கு வீடு மூங்கில் உச்சியில் காகித நட்சத்திரம் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு முன்னறை மூலையில் குடில். காக்கித் தாளைக் கசக்கி நீலம், பச்சை தெளித்த மலை. சிரட்டைகளில் ஊறப்போட்டு முளைவந்த நெல் நாற்று. உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடியில் ஒரு குளம். வைக்கோல் வேய்ந்த தொழுவம். மண்ணில் செய்து வண்ணம் அடித்த யோசேப்பும் மரியாளும், போன வருஷம் காது உடைந்த ஒரு கழுதையும். இந்தப் பெத்லகேமைச் சுற்றித் தண்டவாளம் போட்டுவிடுவது என்று நானும் பெரியம்மை மகன் அண்ணனும் தீர்மானித்தோம். அண்ணன் ஒரு பரீட்சை எழுதத் திருநெல்வேலி போய் ஜங்ஷனில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தவர். ஆகவே எஞ்சினியர் அவர்தான்.

சாமான்களுக்குப் பஞ்சமில்லை, பேப்பருக்குத்தான் பஞ்சம். கெட்டித் தாள் என்றால் கல்யாணக் கார்டு. பளபளப்பான தாள் என்றால் 'சோவியத் நாடு' பத்திரிகை. அது நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டதுபோக மிஞ்ச வேண்டும். சுவருக்குச் செருப்புக்கடை அட்டைப் பெட்டி. ஜன்னலுக்கு மிட்டாய் சுற்றிய கண்ணாடித்தாள்: சிவப்பு, பச்சை. பசை வீட்டிலேயே காய்ச்சுவோம். மைதாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, அடுப்பில் கிண்டி, இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம். துத்தம் போடாவிட்டால் கரப்பான்பூச்சி ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டேஷனைத் தின்றுவிடும். வெட்டுவதற்கு அப்பா சவரம் செய்து கழித்த பிளேடு, பாதியாக ஒடித்தது. மடிப்பு நேராக விழ, மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்தி இழுக்க வேண்டும். இந்தக் கடைசி வித்தையை அண்ணன் எங்கே கற்றார் என்று தெரியாது. காகித ஸ்டேஷன் தயாரிக்கும் ஜெர்மன்காரன் இன்றைக்குப் பல பக்கச் செய்முறைக் குறிப்பில் இதைத்தான் சொல்கிறான்.

கூரைதான் எங்கள் சாதனை. பல்பு வாங்கினால் அதைச் சுற்றி ஒரு நெளி அட்டை வரும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே ஒட்டியிருக்கும் தட்டைத் தாளை நகத்தால் மெல்ல உரித்தெடுத்தால், உள்ளே வரிவரியாக நெளிவு மட்டும் நிற்கும். நிழலில் காயவிட்டு, காவிக்கட்டியைப் பசையில் குழைத்துப் பூசினால் அசல் ஓட்டுக் கூரை. வெயிலில் காயவைத்தால் நெளிவு படிந்துபோகும். எங்கள் வீட்டில் புது பல்பு போட்ட மாதங்கள் எல்லாம் ஸ்டேஷனின் நீளத்தில் தெரிந்தன. பிளாட்பாரம் முழுக்க முழுக்கக் கல்யாணக் கார்டு. தலைகீழாகப் புரட்டினால் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று அடியில் இருக்கும். ரயில்வேக்குப் பொருத்தமான வாசகம்தான்.

ஜல்லிக்கு மணவாளக்குறிச்சி அத்தை வீட்டுப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கருமணல், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய. அந்த மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்திருப்பதும், மோனசைட்டுக்குள் தோரியம் இருப்பதும், இந்தத் தாதுக்களைப் பிரித்தெடுக்கத்தான் இந்தியன் ரேர் எர்த்ஸ் ஆலை அங்கே நிற்பதும் பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தது. அணுசக்தித் துறையின் மூலப்பொருளை ஜல்லியாகக் கொட்டிய ரயில்பாதை உலகில் வேறெங்கும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். பாட்டிலில் மிஞ்சியதை அம்மை பல வருஷம் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தாள்.

இந்தச் சமயத்தில் பழைய பேப்பர் கடையில் ஒரு 'மெக்கானோ மேகசின்' கிடைத்தது. எந்த வெள்ளைக்காரர் வீட்டிலிருந்து எந்த வழியாகக் கோட்டாறுக்கு வந்து எடைக்கு விழுந்ததோ. அதில் ஹார்ன்பி டப்ளோ ரயில் விளம்பரம். பக்கத்தில் மேஜை நிறைய ஒரு குட்டி ஊர். எல்லா வீட்டுக் கூரையிலும் ஒரு புகைக்கூண்டு. அதைப் பார்த்ததிலிருந்து எங்கள் ஸ்டேஷனுக்கும் தீப்பெட்டியில் ஒரு புகைக்கூண்டு ஏறியது. ஆச்சி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதென்ன மக்களே, டேசனுக்குள்ள பொங்கி வச்சித் திங்காவளா?"

அண்ணன் தூண்களில் கறார். "எலே, ஜங்ஷன்ல தூணு இப்பிடி வத்தலா இருக்காதுடே. ரெண்டு பேர் கட்டிப் பிடிக்கணும். நான் பாத்திருக்கேம்லா." மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள் என்று சொல்லி, ஒரு குண்டூசியைக் கட்டித் தொங்கவிட்டார். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் பெயர் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. 'பெத்லகேம் ஜங்ஷன்' என்று எழுதினேன். ஒரே ஒரு வட்டப் பாதைக்கு ஜங்ஷன் என்று போடக் கூடாது என்றார் அண்ணன். நம்ம ஊருக்கு வண்டி வந்தால் ஜங்ஷனாகத்தான் வரும் என்றேன். பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம் என்று ஓர் எண்ணும் போட்டோம். அது இல்லாமல் ஸ்டேஷன் பலகை கிடையாதாம்.

அப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே பார்த்தார். "நாகருகோவிலுக்கே இன்னும் வண்டி வரல்ல. பெத்லகேமுக்கு மட்டும் ஓடுதாக்கும்?"

கேரல் பாட வந்தவர்களோடு உபதேசியாரும் வந்தார். குடிலைச் சுற்றி ரயில் ஓடுவதைப் பார்த்து அவருக்கு முகம் சுருங்கியது. "வேதத்துல எங்கயாவது ரயில் வருதா மக்கா?" என்றார். பதில் சொன்னது ஆச்சிதான். "சாஸ்திரிமாரு ஒட்டகத்துல வந்து சேரதுக்கு எம்புட்டு நாளாச்சி உபதேசியாரே? வண்டி இருந்திருந்தா நேரத்துக்கு வந்திருப்பாவ." உபதேசியார் முந்திரிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெபத்துக்குப் போய்விட்டார்.

உண்மையில் உபதேசியாரிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில் வேறு. யாப்பாவிலிருந்து எருசலேமுக்கு 1892-லேயே ரயில் போய்விட்டது. பெத்லகேமிலிருந்து எருசலேம் ஸ்டேஷன் நடந்து போகிற தூரம்தான். வேத நாட்டுக்காரர்கள் எங்களை முந்திவிட்டார்கள்.

எங்களுக்கு வந்தது 1979-ல். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு அகலப்பாதை. ஊரே திரண்டு பார்க்கப் போனது. ஆச்சியையும் ரிக்‌ஷாவில் வைத்துக் கூட்டிப் போனோம். வண்டி நன்றாக இருந்தது. ஸ்டேஷன்தான், என்ன சொல்ல, சிமெண்டில் ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு தட்டு. ஓடு இல்லை. ரெண்டு பேர் கட்டிப் பிடிக்கும் தூண் இல்லை. அண்ணன் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "இது டேசன் இல்லடே. தாலுகா ஆபீசு." 1981-ல் திருநெல்வேலிப் பாதையும் வந்து சேர, நாகர்கோவில் முறைப்படி ஜங்ஷன் ஆயிற்று. அந்த ஒன்றில் மட்டும் என் பலகை சரியாக இருந்தது.

அசல் ரயில் வந்த பிறகு தகர ரயிலை யார் சீந்துவார்கள்? பரணில் ஏற்றிய ஸ்டேஷனைக் கரையான் எடுத்துக்கொண்டது. மயில்துத்தம் கரையானுக்குச் செல்லாது என்பது அப்போது தெரிந்தது.

இனி இந்தக் காலம். மகனுக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை. அங்கிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் கோப்பிங்கன் என்ற ஊர். 1859-ல் தொடங்கிய மார்க்லின் பொம்மை ரயில் கம்பெனி அங்கேதான். ஆகவே பேரனுக்கு நடக்க வந்ததும் ரயில் வந்துவிட்டது. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாகர்கோவில் வந்தபோது, துணிமணிக்கு இடமில்லாமல் ஒரு பெட்டி நிறைய ரயில் கொண்டுவந்தார்கள். 'எச்ஓ' என்று ஓர் அளவு. அசலில் 87-ல் ஒரு பங்கு. சாவி கிடையாது, கைப்பேசியில் தட்டினால் கூவுகிறது, புகைவிடுகிறது, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறது. "தாத்தா, ஸ்டேஷன் நீங்க கட்டித் தாங்க" என்றான் பேரன். என் மகன் என்னைப் பற்றி அங்கே என்னென்ன சொல்லி வைத்திருக்கிறானோ.

இந்த 87 என்னை விடமாட்டேன் என்கிறது. எருசலேமுக்கு ரயில் வந்த 1892-க்கும் நாஞ்சில் நாட்டுக்கு வந்த 1979-க்கும் நடுவே 87 வருஷம். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் பாதை 87 கிலோமீட்டர். எச்ஓ அளவில் முழுப் பாதையையும் போட்டால் ஒரு கிலோமீட்டர். வெட்டூர்ணிமடத்தில் அந்த அளவுக்கு மேஜை கிடையாது. 550 மீட்டர் பிளாட்பாரம் ஒன்றே ஆறு மீட்டரைத் தாண்டுகிறது. என் முன்னறைச் சுவரை இடித்தால்தான் கன்னியாகுமரி–திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸை நிறுத்த முடியும். அது மட்டுமா? நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. என் உயரமும் அதுவே. தண்டவாளத்தின் குறுக்கே படுத்தால் தலையும் காலும் இரண்டு பக்கமும் கச்சிதமாகத் தட்டும், செய்து பார்க்க ஆசையில்லை. 87-ஆல் வகுத்தால் பத்தொன்பது மில்லிமீட்டர் சொச்சம். எச்ஓ தண்டவாளமோ ஐரோப்பியப் பாதைக்கு ஏற்றபடி பதினாறரை. ஆகவே இந்த மேஜையில் எந்த இந்திய ரயிலை ஓடவிட்டாலும் அது கொஞ்சம் இடுப்பு ஒடுங்கித்தான் நிற்கும்.

காகிதக் கட்டிடம் என்றால் விளையாட்டு என்று நினைத்திருந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து எஸ்லிங்கனில் 1831-ல் தொடங்கிய ஷ்ரைபர் என்ற பதிப்பகம், வெட்டி ஒட்டும் தாள்களில் கோட்டைகளையும் தேவாலயங்களையும் தலைமுறை தலைமுறையாக அச்சிட்டிருக்கிறது. அதே எஸ்லிங்கனில்தான் அசல் ரயில் எஞ்சின் செய்யும் ஆலையும் இருந்தது. இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர் வந்தபோது தகரமெல்லாம் ஆயுதத்துக்குப் போயிற்று. ஹார்ன்பி ரயில் செய்த லிவர்பூல் தொழிற்சாலையும் போர்ச் சாமான் செய்யப் போயிற்று. பொம்மை ரயில்காரர்கள் அட்டைக்குத் திரும்பினார்கள். பிறகு பிளாஸ்டிக் வந்தது, அட்டை ஓரம் போனது. வீட்டுக்கு வீடு கலர் பிரிண்டர் வந்ததும் மறுபடி அட்டையே ஜெயித்துவிட்டது. பிளாஸ்டிக் ஸ்டேஷன் ஒன்றின் விலையில் இங்கே ஒரு மாதத்துக்கு மளிகை வாங்கலாம். காகித ஸ்டேஷன் கிழிந்தால் இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். பேரன் எட்டு வயதுக்காரன் என்பதால் இந்த வசதி முக்கியமானது.

மகன் ஒரு ஜெர்மன் கிராமத்து ஸ்டேஷனை இறக்கிக் கொடுத்தான். பதினோரு பக்கம். வீட்டு பிரிண்டரில் சுவர்ப் பக்கங்கள் வந்ததோடு நீல மை தீர்ந்தது. மிச்சத்தை ஒரு பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோனோம். நாங்கள் சிறுவயதில் பிளேடு தேடிய ஊரில் இப்போது அட்டையில் லேசர் பிரிண்ட், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் பஸ் ஸ்டாண்டை ஒட்டியே கிடைக்கிறது. நான் வாய் திறப்பதற்குள் கடையில் இருந்த பெண் அடித்தே முடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒட்டினால் கூரை சுவரில் உட்கார மறுக்கிறது. காரணம் இதுதான்: கோப்பு அமெரிக்க 'லெட்டர்' தாளுக்கு வரைந்தது, கடையில் இருப்பது ஏ4. அகலத்தில் அமெரிக்கத் தாள் ஆறு மில்லிமீட்டர் கூடுதல். ஓரம் வெட்டுப்படக் கூடாதே என்று மெஷின் தானாகவே 97 சதவீதமாகச் சுருக்கிவிடுகிறது. பத்து செண்டிமீட்டர் கூரையில் மூன்று மில்லிமீட்டர் குறை. மூன்று மில்லிமீட்டர் என்றால் யாருக்கென்ன என்று கேட்பீர்கள். 87-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 26 செண்டிமீட்டர், முக்கால் அடிக்கு மேல். ஐப்பசி மழையில் ஸ்டேஷன் மாஸ்டர் குடை பிடித்துக்கொண்டுதான் டிக்கெட் கொடுக்க வேண்டும்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். "ஃபிட் டு பேஜ் போட்டாத்தான் அங்கிள் எல்லாருக்கும் அழகா வரும்" என்றது அந்தப் பெண். ஜாதகம், ஆதார், கல்யாணக் கார்டு அடிப்பவர்களுக்கு அது சரிதான். ஸ்டேஷன் அடிக்க வந்தவன் அன்றைக்கு நான் ஒருவன்தான்.

ஒட்டும் வேலையில் பெரிய மாற்றமில்லை. அச்சடித்த தாளை இரண்டு மில்லிமீட்டர் பைண்டிங் அட்டையில் ஒட்டிக் காயவைத்து வெட்ட வேண்டும். மூலையில் வெள்ளை விளிம்பு பல்லைக் காட்டும். அதற்கு வண்ணப் பென்சிலால் ஓரத்தைத் தடவ வேண்டும். இங்க்ஜெட்டில் அடித்தால் பசையின் ஈரத்தில் செங்கல் கரைந்து ஓடும், ஆகவே லேசர். ஜன்னலுக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தாள். மைதாவுக்குப் பதில் வெள்ளைப் பசை, அதில் துத்தம் வேண்டாம். கத்தி மட்டும் விலை உயர்ந்தது. அதன் முனை ஒடிந்தபோது சத்தம் போடாமல் பாதி பிளேடுக்கு மாறிக்கொண்டேன். மை தீர்ந்த பேனாவுக்கு இன்றுவரை மாற்று வரவில்லை.

முடிந்த ஸ்டேஷனின் கூரையைப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. இந்த ஓடு எங்கேயோ பார்த்த ஓடு. எங்கே? என் தலைக்கு மேலே. பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அந்த மிஷனரிகளில் பலர் ஸ்டுட்கார்ட் இருக்கிற அதே வூர்ட்டம்பெர்க் நாட்டுக்காரர்கள். ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் அந்த ஓடுதான் மேற்குக் கரை முழுக்க இறங்கி எங்கள் வீடுகளிலும் ஏறியது. பல்பு அட்டையை உரித்து நாங்கள் செய்த ஓட்டின் பூர்வீகத்தை, பிரிண்டர் ஜெர்மனியிலிருந்தே கொண்டுவந்து காட்டியது. பேரனிடம் சொன்னேன். அவன் கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அங்கே இப்படிப் பல்லி இருக்காது தாத்தா" என்றான்.

ஸ்டேஷன் அழகுதான். ஆனால் அதில் காத்திருப்பதற்கு ஆள் இல்லை. வாழைக்குலை இறக்க இடமில்லை, தோவாளைப் பூக்கூடைக்கு இடமில்லை, சாயாக் கடை இல்லை, பிளாட்பாரத்தில் வேப்பமரம் இல்லை. புகைக்கூண்டு மட்டும் இரண்டு. இறக்கிக்கொள்ளும் கட்டிடங்களின் பட்டியலை மகன் மேலும் கீழும் தள்ளிக் காட்டினான். லண்டன் தெரு, பவேரியா பண்ணை வீடு, அமெரிக்க மரக் கிடங்கு, பனி படிந்த கூரை, பனி படியாத கூரை. இந்தியா என்று தேடினால் தாஜ்மகால் வருகிறது. தாஜ்மகாலில் ரயில் நிற்காது. நாகர்கோவில் ஜங்ஷனும் இல்லை, இரணியலும் இல்லை, குழித்துறையும் இல்லை. உலகத்துக் காகிதம் முழுவதும் கைக்கு வந்தபிறகும் எங்கள் ஊர் ஸ்டேஷன் அதில் கிடைக்கவில்லை. எங்களிடம் காகிதமே இல்லாத காலத்தில் அது இருந்தது, பெயர்தான் பெத்லகேம்.

இல்லாவிட்டால் வரைந்துகொள்ள வேண்டியதுதானே. பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு, டேப்பும் கைப்பேசியுமாக நானும் பேரனும் மாவட்டத்தின் ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் போனோம். பெயர் வேண்டாம். கட்டிடத்துக்கு நேர் எதிரே நின்று படம் எடுக்க வேண்டும். சாய்ந்து எடுத்தால் சுவர் கோணும். கதவருகே பேரனை நிறுத்தினால் அவன் உயரத்தை வைத்துக் கட்டிடத்தின் உயரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். ஏழடிக் கதவு காகிதத்தில் இருபத்து நாலரை மில்லிமீட்டர். ஜன்னல் ஒன்றை ஒழுங்காக வரைந்தால் போதும், மற்றவை நகல். இப்படி அளந்துகொண்டிருக்கும்போது ஒரு காக்கிச் சட்டைக்காரர் வந்தார்.

"என்ன சார் அளக்கிய? காண்ட்ராக்டரா?"

"இல்ல. பேப்பர்ல இந்த ஸ்டேஷனக் கட்டப்போறோம். பேரனுக்கு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பேப்பர்லயா? ரெண்டாம் லைனு எத்தன வருஷம் பேப்பர்லயே ஓடிச்சின்னு தெரியுமா சார்? டேசன் கெடந்துட்டுப் போட்டு." பிறகு டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். தூணின் சுற்றளவை எடுக்கும்போது, பழைய தூண் இதைவிடப் பெரிதாக இருந்ததாகவும் சொன்னார். எங்கள் அண்ணன் ஜாதி.

அவர் ஒரு ஃபிளெக்ஸ் பலகையையும் காட்டினார். வரப்போகிற ஸ்டேஷன் அதில் இருந்தது: கம்ப்யூட்டரில் வரைந்தது, கண்ணாடி முகப்பு, மேகமில்லாத வானம், பிளாட்பாரத்தில் பளபளக்கும் கோட்டு அணிந்த வெள்ளைக்காரப் பயணிகள். அம்ரித் பாரத் திட்டத்தில் நாடு முழுக்க ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கிறார்கள்; குழித்துறைக்கு 2025-ல் திறப்பு விழாவே நடந்துவிட்டது. சென்னை எழும்பூரிலிருந்து 2024 முதல் நாகர்கோவிலுக்கு வந்தே பாரத் வருகிறது. வரட்டும், லிஃப்ட்டும் நகரும் படியும் வயசானவனுக்கு வேண்டியதுதான். ஆனால் தாலுகா ஆபீசு என்று அண்ணன் திட்டிய அந்தச் சிமெண்டுப் பெட்டிகளுக்கே இப்போது நாற்பது, நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. அவற்றின் முன்னால் நின்றுதான் ஒரு தலைமுறை ராணுவத்துக்கும் நர்சிங் வேலைக்கும் வளைகுடாவுக்கும் வழியனுப்பப்பட்டது. ஃபிளெக்ஸில் இருப்பது யாரும் அழுத இடம் அல்ல. அதோடு, சிமெண்டுப் பெட்டிக்குத் தட்டையான சுவர், தட்டையான கூரை என்பதால் காகிதத்தில் செய்வதற்கு அதைவிட உகந்த கட்டிடம் உலகில் இல்லை. ஒரே ஏ4 தாளில் அடங்கிவிடும். 1979-ல் இது எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த டிசம்பரில் தெருமுனைக் குடிலில் தெர்மோகோல் மலையும் மோட்டாரில் விழும் அருவியும் எல்இடி வெளிச்சமும் இருந்தன. எங்கள் வீட்டுக் குடிலைச் சுற்றி மட்டும் ஜெர்மன் ரயில் ஓடியது, நானும் பேரனும் வரைந்த ஸ்டேஷனில் நின்றது. மஞ்சள் பலகைக்கு என்ன பெயர் என்பதில் பேரனுக்கும் எனக்கும் தகராறு. பெத்லகேமின் உயரம் சுமார் 775 மீட்டர் என்று கைப்பேசியில் பார்த்து அவன் எழுதியும் வைத்துவிட்டான். கடற்கரை மாவட்டத்து ஸ்டேஷனுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். கேரல் பாட வந்தவர்கள் யாரும் வேதத்தில் ரயில் உண்டா என்று கேட்கவில்லை. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, எங்கே வாங்கியது, ஆன்லைனிலா என்று கேட்டார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய ஸ்டேஷன் கட்டிடம் இன்னும் நின்றுகொண்டிருந்தால், ஓட்டுக் கூரையோ சிமெண்டுப் பெட்டியோ, ஃபிளெக்ஸ் வருவதற்குள் போய் நேர் எதிரே நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். கதவருகே உயரம் தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள்; ஆள் நிற்காத படம் அளவுக்கு உதவாது. ஒரு கதவின் உயரத்தையாவது டேப் வைத்து அளந்து படத்தின் பின்னால் எழுதுங்கள். மற்றதைக் கம்ப்யூட்டர் தெரிந்த எந்தப் பிள்ளையும் வரைந்துவிடும். அச்சடிக்கக் கொடுக்கும்போது மட்டும், ஃபிட் டு பேஜ் வேண்டாம், நூறு சதவீதம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.